வேலிக்கு வெளியே பூக்கும் பூமரங்கள்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளவுக்குள் வைத்த பூமரங்கள் ஒழுங்கையிலும் குளக்கட்டிலும் காட்டோரத்திலும் நிற்பதைப் பார்த்துப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தருகிறேன். மாரி மழை ஓய்ந்து எல்லாம் பூத்து நிற்கும் தை, மாசியில்தான் இந்தக் கேள்விகள் கூடுதலாக வரும்.

வேலிக்கு வெளியே நிற்கும் பூமரம் தானாக வந்ததா, யாரோ நட்டதா என்று எப்படித் தெரியும்?

பூவைப் பார்க்கும் முன் நிலத்தைப் பாருங்கள். மரத்தைச் சுற்றிப் பத்தடிக்குள் அதே இனத்தின் சின்னக் கன்றுகள், நடுத்தரக் கன்றுகள், பூத்தவை என்று பல வயதில் நின்றால் அது விதையால் பரவுகிறது. பெரிய மரம் மட்டும் நின்று, கீழே ஒரு கன்றுகூட இல்லையென்றால் ஒரு கை அதை அங்கே நட்டிருக்கிறது. இரண்டு மூன்று ஒரே நேர்கோட்டில் நின்றால் அது பழைய வேலிக்கரை. பக்கத்தில் கறிவேப்பிலை, தென்னை, மாதுளை, உடைந்த கிணற்றுக்கட்டு, சீமெந்துத் தரை ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

ஆக, வெளியில் நிற்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். ஆள் போனபிறகும் வளவில் தங்கி நிற்பவை ஒரு வகை. வளவிலிருந்து விதை போய்த் தாமாகவே பெருகுபவை இரண்டாவது. மூன்றாவது, தொடக்கத்திலிருந்தே காட்டில் இருந்தவை. அழகுக்காக நாங்கள்தான் அவற்றை வளவுக்குள் கொண்டுவந்தோம். பிடுங்க வேண்டியது இரண்டாவது வகையில் சில மட்டும்தான். எது எதுவென்று தெரியாமல் கத்தியை எடுத்தால் மூன்றையும் வெட்டிவிடுவோம்.

எந்தப் பூமரங்கள் விதையால் பரவுவதில்லை?

அடுக்குச் செவ்வரத்தை, கடதாசிப்பூ, அடுக்கு நந்தியாவட்டை, குண்டுமல்லிகை, குரோட்டன் ஆகியவை எங்கள் பக்கத்தில் விதையிலிருந்து முளைத்து நிற்பது மிகவும் அரிது. கிளை வெட்டி நட்டோ பதியம் வைத்தோதான் அவை இடம் மாறும். ஆகவே, பற்றைக்குள் ஓர் அடுக்குச் செவ்வரத்தை நின்றால் அங்கே ஒரு வீடு இருந்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

போர் முடிந்து 2010இல் மீள்குடியேறப் போனபோது எங்கள் வளவை இப்படித்தான் கண்டுபிடித்தேன். வீடும் இல்லை, வேலியும் இல்லை, ஒழுங்கை இருந்த தடமும் இல்லை. ஆளுயரப் பற்றை. அதற்குள் இரண்டு இடத்தில் சிவப்பு தெரிந்தது. கிட்டப் போனால் அம்மா வைத்த அடுக்குச் செவ்வரத்தை. தண்டு என் கணுக்கால் மொத்தத்துக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் தீயில் கருகி, மறுபக்கத்தில் புதுக் கிளை விட்டிருந்தது. அதிலிருந்து எட்டடி தள்ளிக் கிணறு இருக்க வேண்டும் என்பது எனக்கு நினைவு. இருந்தது. இரண்டு செவ்வரத்தைக்கும் நடுவில்தான் படலை இருந்தது என்பதும் அதை வைத்தே தெரிந்தது. செவ்வரத்தையைக் களை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது, அதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் உண்மையாகவே கட்டுமீறிப் பரவும் பூமரம் எது?

முதலில் நாயுண்ணி. உண்ணிச்செடி என்றும் சொல்வார்கள். இதன் பிறப்பிடம் அமெரிக்க வெப்பமண்டலம். 1826இல் பேராதனைப் பூங்கா வழியாக அழகுச் செடியாக இலங்கைக்கு வந்தது. இன்று உடவளவைத் தேசியப் பூங்காவில் யானைகளின் புல்வெளியையே மூடிவிட்டது. வன்னியில் குளக்கட்டு, கைவிட்ட தோட்டம், காட்டை வெட்டித் திறந்த வீதிக்கரை ஆகிய இடங்களில்தான் அதிகம் காணலாம். வெளிச்சம் கிடைக்கும் இடமெல்லாம் அதற்குப் பிடிக்கும். பாலையும் வீரையும் நெருங்கி நிற்கும் இருண்ட காட்டுக்குள் அது தளர்ந்துபோகும்.

அடையாளம் காண்பது சுலபம். இளம் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள், நாலு மூலை தட்டும். பின்னோக்கி வளைந்த சின்ன முள் விரலைப் பிடிக்கும். இலைகள் எதிரெதிராகச் சோடியாக வரும், மேற்பக்கம் அரம்போலச் சொரசொரப்பாக இருக்கும். கசக்கினால் மூக்கில் ஏறும் ஒரு நெடி. அதை ஒருமுறை மணந்தவர் மறக்கமாட்டார். பூங்கொத்தின் நடுவில் இருக்கும் பூக்கள் மஞ்சள், ஓரத்தில் இருப்பவை செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ. ஒரே பூதான் மூத்ததும் நிறம் மாறுகிறது. நடுவில் மஞ்சளாக இருப்பவை புதிதாக விரிந்தவை, வண்ணத்துப்பூச்சிகள் பெரும்பாலும் அவற்றையே நாடும். காய் பச்சை, பழுத்தால் மிளகுபோலக் கறுப்பு. கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்று, கம்பியிலும் கதியாலிலும் இருந்து எச்சமிடும். வேலியோரமாக வரிசையாக முளைப்பது இதனால்தான்.

முன்னை என்னும் செடியோடு நாயுண்ணியைச் சிலர் குழப்பிக்கொள்வார்கள். முன்னைக்கும் எதிரெதிர் இலைதான், மணமும் உண்டு. ஆனால் அந்த வளைந்த முள் அதில் இல்லை. பூவும் வெளிறிய சின்னப் பூ.

நாற்றுமேடையில் விற்கும் வண்ண வண்ண உண்ணிப்பூவும் இதுதானா?

அதே இனத்தின் வளர்ப்பு வகைகள்தான் பெரும்பாலும். சில வகை காய்க்காது. வாங்கி வைத்தவர்கள் பூ உதிர்ந்தபின் பச்சைக் காய்க்கொத்து வருகிறதா என்று ஒரு மாரி முழுக்கக் கவனியுங்கள். வந்தால் கழற்றிவிடுவது நல்லது. ஊதாப்பூவோடு தரையில் படரும் வகை வேறோர் இனம்.

மாடு, ஆடு நாயுண்ணியைத் தின்றால் என்ன செய்வது?

மேய்ச்சல் இருக்கும்போது அவை பெரும்பாலும் அதைத் தொடாது. கோடையில் புல் கருகி, சோளகம் அடிக்கும் ஆடி, ஆவணியில்தான் தின்னும். இலையில் உள்ள நஞ்சு ஈரலைத் தாக்கும். கண்ணும் முரசும் மஞ்சளாகும், தீனி எடுக்காது, வெயிலுக்கு ஒதுங்கி நிழலில் நிற்கும். வெள்ளைத் தோல் உள்ள இடங்களும் மூக்கு நுனியும் வெயில் பட்டு வெந்து உரியும். இப்படிக் கண்டால் உடனே நிழலில் கட்டித் தண்ணீர் வைத்துவிட்டு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். வெறும் தோல் நோய் என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தால் நாள் போய்விடும். பிள்ளைகள் பச்சைக் காயை வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிவிட்டால் திரும்பத் திரும்பத் தழைக்கிறதே?

தழைக்கத்தான் செய்யும். அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாக வரும், எரித்தாலும் அப்படியே. மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது மேல்கிளையை வெட்டி ஒதுக்கிவிட்டு, அலவாங்கால் அடிக்கட்டையை வேரோடு கிளப்புங்கள். பிடுங்கிய கட்டையை வேர் மேலே பார்க்கக் கவிழ்த்து, மண் ஒட்டாமல் வெயிலில் காயவிடுங்கள். காய் பிடிக்கும் முன் செய்தால் பாதி வேலை குறையும். அடுத்த மாரியில் அதே இடத்தில் கன்று கன்றாக முளைக்கும். அவற்றைக் கையாலேயே பிடுங்கலாம். இரண்டு மூன்று மாரி விடாமல் பார்க்க வேண்டும். இடத்தை வெறுமையாக விடாமல் பூவரசோ வேம்போ வைத்து நிழல் கட்டுங்கள்.

பெரிய பற்றையை ஒரே நாளில் மொட்டையாக்க வேண்டாம். புலுனிக்கும் அணிலுக்கும் அதற்குள் கூடு இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, நட்ட கன்று நிமிர்ந்தபிறகு அடுத்த பக்கம் போகலாம். குளக்கட்டில் நிற்பதைப் பிடுங்கினால் மண் கரையும், ஆகவே கமக்கார அமைப்போடு பேசிவிட்டுத் தொடுங்கள்.

வீதியோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. அது என்ன?

அதிகம் வரும் கேள்வி இது. “மஞ்சள் பூ” என்று மட்டும் சொன்னால் என்னால் பெயர் சொல்ல முடியாது. ஏ9 வீதிக்கரையிலும் உள்வீதிகளிலும் குறைந்தது மூன்று மஞ்சள்கள் நிற்கின்றன. மூன்றுக்கும் இலை வேறு, காய் வேறு. பூவை விட்டுவிட்டு அவற்றைப் பாருங்கள்.

நாற்றுமேடைக்காரர் டெக்கோமா என்று விற்கும் மரம் ஒன்று. ஒரு காம்பில் ஐந்து, ஏழு சிற்றிலைகள் வரும். சிற்றிலையின் ஓரம் அரிவாள் பல்லுப்போல வெட்டு வெட்டாக இருக்கும். குழல்போன்ற பூக்கள் கொத்தாக வரும். காய் பயற்றங்காய்போல நீண்டு தொங்கும். காய்ந்ததும் பிளந்து, கடதாசிச் சிறகு வைத்த விதைகள் காற்றில் பறக்கும். இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்தது. காற்று அடிக்கும் பக்கமாக ஒழுங்கை நெடுகக் கன்று நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் காய் முற்றுமுன் ஒடித்துவிடுவதுதான் எளிய வழி. பூவை ரசித்துவிட்டுக் காயை மட்டும் எடுத்தால் போதும், மரத்தை வெட்டத் தேவையில்லை.

இரண்டாவது மஞ்சள் அலரி. இலை தனித்தனியாக, ஒடுங்கி நீண்டு, பளபளவென்று தண்டைச் சுற்றி ஏறும். ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். காய் பச்சையாக, மூலை வைத்த உருண்டையாக இருந்து கறுக்கும். இது பறவையாலோ காற்றாலோ தூரம் போவதில்லை. தாய்மரத்தின் காலடியில்தான் முளைக்கும், அல்லது மழைவெள்ளம் உருட்டிக்கொண்டு போகும். வேறிடத்தில் நின்றால் பெரும்பாலும் பழைய வேலி, அல்லது பூசைக்குப் பூ எடுக்க வைத்தது.

மூன்றாவது ஆவரசு. தமிழ்நாட்டார் ஆவாரை என்பது இதைத்தான். புளியிலையைவிடக் கொஞ்சம் பெரிய சிற்றிலைகள் சோடி சோடியாக வரும். பூ ஐந்து இதழும் விரிந்து நிற்கும், குழல் இல்லை. காய் தட்டையாக, மெல்லியதாக, விதை இருக்கும் இடமெல்லாம் புடைத்துத் தெரியும். இது எங்கள் நிலத்துச் செடி. மன்னார்ப் பக்கத்து வறண்ட வெளியில் ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல் பூக்கிறது. வீதிக்கரை துப்புரவாக்குகிறோம் என்று இதை வெட்டி எறிவதைக் காணும்போது உண்மையாகவே மனம் நோகிறது.

அலரி எல்லாமே நஞ்சா?

மஞ்சள் அலரியும், சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கும் அலரியும் இரண்டும் கடும் நஞ்சு. எல்லாப் பாகமும் நஞ்சு, இதயத்தைத் தாக்கும். பின்னதை அடையாளம் காண ஒரு கணுவை எண்ணுங்கள், மூன்று இலைகள் சுற்றி வரும். காய் மெல்லிய நீண்ட சோடிக்காய், உள்ளே மயிர் வைத்த விதை.

யாராவது எவ்வளவு சிறிதளவு உட்கொண்டாலும் கைவைத்தியம் செய்யாமல், ஆள் நன்றாக இருக்கிறாரே என்று காத்திராமல், 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் அல்லது நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சிறுபிள்ளைகளோ மனம் சோர்ந்திருப்பவர்களோ உள்ள வீட்டில் மஞ்சள் அலரியை வைத்திருக்காதீர்கள். இந்த ஒரு மரத்தை எடுத்துவிடச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

பெயரிலும் கவனம் வேண்டும். சிங்களத்தில் ‘அறலிய’ என்றால் கோயிலடியில் நிற்கும், தடித்த கிளையும் வெள்ளைப் பூவும் உள்ள வேறு மரம். வவுனியாவில் இரண்டு மொழியும் பேசும் இடங்களில் ஒரு பெயரைச் சொல்ல மற்றவர் வேறு மரத்தை நினைக்கிறார். மரத்தைக் காட்டிப் பேசுவதுதான் பாதுகாப்பு.

பாதி ஊதா, பாதி மஞ்சளாகத் தொங்கும் பூ, முள்ளுப்பற்றை. தோட்டத்திலிருந்து தப்பியதா?

இல்லை, அது விடத்தல். மன்னாரின் விடத்தல்தீவின் பெயரிலேயே இருக்கிறது. காம்புப் பக்கம் ஊதாவும் நுனியில் மஞ்சளுமாக ஒரு விரல் நீளத்துக்குத் தூரிகைபோலத் தொங்கும். இவ்வளவு அழகான பூ எங்கிருந்தோ கொண்டுவந்ததாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுடையதே.

கடற்கரையில் வேலிபோல அடர்ந்து, வெள்ளைப் பூவில் நீண்ட சிவப்பு நரம்புகள் நீட்டி நிற்கும் பீநாறியும் அப்படித்தான். உப்புக்காற்றுத் தாங்கும் அந்தச் செடியைப் பணம் கொடுத்து வாங்கி வேலிக்கு வைக்கிறார்கள். நாயாற்றுப் பக்கம் அது தானாகவே நிற்கிறது.

காட்டோரத்து வெட்சிக்கும் வளவு இக்சோராவுக்கும் என்ன வித்தியாசம்?

சிவப்பு வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. பழந்தமிழில் ஒரு திணைக்கே பெயர் கொடுத்த பூ. காட்டு வெட்சி ஒழுங்கில்லாமல் உயர்ந்து, கிளை விரிந்து நிற்கும், இதழ் நுனி கூராக இருக்கும், கருஞ்சிவப்புப் பழம் பிடிக்கும். கடையில் வரும் குட்டை வகையில் இலை சின்னது, கொத்து நெருக்கம், பழம் காண்பது அரிது. மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் வளர்ப்பு வகைகளே. வெள்ளைப் பூவும் மணமும் உள்ள பாவட்டையும் வெட்சியின் உறவுதான்.

நாகதாளி?

மன்னார், முல்லைத்தீவுக் கரையோரங்களில் நிற்கும் தட்டைக் கள்ளி, மஞ்சள் பூ, சிவந்த பழம். பார்க்க இந்த மண்ணின் செடிபோல இருந்தாலும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஒரு துண்டு விழுந்த இடத்தில் வேர் விடும், ஆகவே வெட்டி அங்கேயே போடாதீர்கள். இதன் உறவான இன்னொரு கள்ளியை அடக்க 1865ஐ ஒட்டி இந்தியாவிலிருந்து இலங்கைக்கு ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைப் பஞ்சுபோலக் கள்ளியில் ஒட்டியிருக்கும், நசித்தால் கை சிவக்கும். களையை அடக்கவென்று ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குப் பூச்சி கொண்டுபோன வரலாற்றில் இது மிகப் பழைய நிகழ்வுகளில் ஒன்று.

பட்டிப்பூவும் மயிற்கொன்றையும் மணலில் தானாக முளைக்கின்றன. பிடுங்க வேண்டுமா?

நித்தியகல்யாணி என்னும் பட்டிப்பூ மடகஸ்காரிலிருந்து வந்தது, புற்றுநோய் மருந்துக்கு மூலமானது. மயிற்கொன்றையின் காய் வெயிலில் வெடித்து விதை சிதறும். இரண்டும் அங்கங்கே நிற்குமே தவிர, எங்கள் பக்கத்தில் ஒரு வெளியை மூடிப் பார்த்ததில்லை. விட்டுவிடலாம். மாடு கட்டும் இடத்தில் மட்டும் பட்டிப்பூ வேண்டாம், அது நஞ்சு.

செவ்வந்தி இலைபோல ஒன்று வேலிக்கரையில் வந்திருக்கிறது...

பூக்குமுன் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். இலை செவ்வந்திபோலவே ஆழமாகக் கிழிந்திருக்கும், பூவோ கடுகளவு வெள்ளைப் பொட்டுகள். அது பார்த்தீனியம். இலங்கையில் முதலில் கவனிக்கப்பட்டது வவுனியாவில்தான். தோலில் அரிப்பும் மூச்சுமுட்டலும் வரும், ஆகவே கையுறை போட்டு, மூக்கை மூடி, பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். பூங்கொத்துக்கு அழகாக இருக்கிறதென்று யாரும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

பெயர் கேட்டு அனுப்பும்போது எப்படிப் படம் எடுப்பது?

பூவை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம்தான் பத்துக்கு ஒன்பது. அது போதாது. முழுச் செடி, நிற்கும் இடம், இலையின் இரண்டு பக்கம், இலை தண்டில் சேரும் கணு, காய் இருந்தால் அதைப் பிளந்து ஒரு படம். முள், பால், மணம் இருந்தால் எழுதுங்கள். கைபேசிச் செயலிகள் இனத்தை ஓரளவு சரியாகச் சொன்னாலும், அது நட்டதா தானாக வந்ததா என்று சொல்லாது. அதை நீங்கள்தான் நிலத்தில் பார்க்க வேண்டும். ஊரில் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது.

காட்டுக்குள் நிற்கும் நாயுண்ணியையும் நாங்களே பிடுங்கலாமா?

ஒதுக்கக் காட்டிலும் சுண்டிக்குளம் போன்ற தேசியப் பூங்காவிலும் அனுமதி இல்லாமல் எதையும் வெட்டவோ நடவோ கூடாது. அதைவிட முக்கியம், கண்ணிவெடி இருப்பதைக் காட்டும் சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ நாடாவோ உள்ள பக்கம் ஒரு பூவுக்காகவும் கால் வைக்காதீர்கள். பலகை இல்லாவிட்டாலும், ஆள் நடமாட்டமில்லாத பழைய பற்றைக்குள் அலவாங்கு போடுமுன் கிராம சேவையாளரிடம் கேளுங்கள். மண்ணில் சந்தேகமான பொருள் ஏதும் தெரிந்தால் தொடாமல் வந்த வழியே திரும்பி, பொலிசுக்குச் சொல்லுங்கள்.

வெட்டிய கிளைகளைக் குளக்கரையில் கொட்டலாமா?

கூடாது. பாதிப் பரவல் இப்படித்தான் நடக்கிறது. ஆகாயத்தாமரையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவந்ததுதான். 1909இலேயே அதைத் தடுக்கத் தனிச்சட்டம் போட வேண்டியதாயிற்று. இன்றைக்கும் குளங்களில் அள்ளிக்கொண்டிருக்கிறோம். வளவு மூலையில் குழி வெட்டிக் காயவைத்து மூடுங்கள்.

பரவாத, ஆனால் அழகான வேலி வேண்டும்.

கதியாலுக்குப் பூவரசும் கிளுவையும். இடையில் நொச்சி, ஆவரசு, வெட்சி, பாவட்டை. முள் வேண்டுமென்றால் கிளா, பிள்ளைகளுக்குப் பழமும் கிடைக்கும். செவ்வரத்தையைப் படலையின் இரண்டு பக்கமும் வையுங்கள்.

ஆள் இல்லாத வளவில் நிற்கும் பழைய பூமரத்திலிருந்து கிளை எடுக்கலாமா?

அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ இருப்பவர்களின் வளவாக இருக்கலாம். முதல் மழை விழுந்த ஐப்பசியில், பென்சில் மொத்தமுள்ள முற்றிய கிளையை ஒரு சாண் நீளத்துக்குச் சரிவாக வெட்டி, நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு, மணலும் எருவும் கலந்த மண்ணில் பாதிவரை ஊன்றி நிழலில் வையுங்கள். செவ்வரத்தை ஒன்றரை மாதத்துக்குள் வேர் பிடித்துவிடும். தாய்மரத்தை மட்டும் இருந்த இடத்திலேயே விடுங்கள். அந்த வளவின் ஆள் திரும்பி வரும்போது தேடப்போவது அதைத்தான்.